மண்ணுக்கடியில் ஒரு மணித்தியாலம்

ஹவுன்ஸ்லோவில் வீடு வாங்கும் எம்மவர் முதலில் பார்ப்பது குசினியை. அடுத்துப் பார்ப்பது பின்வளவை. குசினியை எவ்வளவு தூரம் பின்னுக்கு நீட்டலாம் என்ற கணக்கோடு. அந்தப் புல்லுக்குக் கீழே கிடக்கும் குழாயைப் பற்றிக் கேட்பவர் அரிது. நானும் கேட்கவில்லை. குடிபுகுந்த மூன்றாம் மாதம், விருந்தினர் நிறைந்திருந்த ஒரு ஞாயிறு மதியம், கீழ்த்தள மலசலகூடத்தில் நீர் இறங்க மறுத்து மேலெழுந்தபோதுதான் அக்கேள்வி பிறந்தது.

யாழ்ப்பாணத்தில் வளவின் ஒரு மூலையில் மலக்குழி, மறு மூலையில் கிணறு. சுண்ணாம்புக்கல் நிலமாதலால் இரண்டுக்கும் இடையே எத்தனை அடி என்பதே கவலை. இங்கோ எல்லாம் கண்காணாத இடத்துக்குப் போய்விடுகிறது. 1930களில் மிடில்செக்ஸ் கவுண்டி சபை ஐஸில்வேர்த்தில் அமைத்த மொக்டன் சுத்திகரிப்பு நிலையமே அவ்விடம். சுமார் இருபது இலட்சம் பேரின் கழிவுநீர் அங்கே சேர்கிறது. காற்று அத்திசையிலிருந்து வீசும் நாட்களில் அயலவர் அதனை நன்கறிவர்.

குழாயினுள் கமராவைச் செலுத்திப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? சாதாரண வீடொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். சிக்கலில்லாவிடின் அரை மணித்தியாலமும் போதும். வளவிலுள்ள இரும்பு மூடியைத் திறந்து, விறைப்பான வடத்தின் நுனியில் பொருத்திய சிறு கமராவை விளக்கோடு உள்ளே தள்ளுவார்கள். குழாயின் விட்டம் பெரும்பாலும் 100 மில்லிமீற்றர்தான். எத்தனை மீற்றர் உள்ளே சென்றது என்பதைத் திரையோரத்து இலக்கம் காட்டும். கமராவோடு சமிக்ஞைக் கருவியும் இருப்பின், பழுதுக்கு நேர்மேலே நிலத்தில் அடையாளமிடலாம். வளவு முழுவதையும் கிண்டத் தேவையில்லை.

எமது வீட்டில் இரண்டரை மணித்தியாலம் சென்றது. முன்னைய உரிமையாளர் குசினியை நீட்டியபோது இரும்பு மூடியையும் சேர்த்து மூடிவிட்டார். ஆகவே மலசலகூடக் கோப்பையைக் கழற்றியே வழி காண நேர்ந்தது. பின்னர் அடைப்பை உயர் அழுத்த நீரால் கழுவவேண்டியிருந்தது. கலங்கல் நீரில் கமராவுக்கு எதுவும் தெரியாது. கழுவி முடிந்ததும் படம் தெளிந்தது. முதலில் வெண்ணிறப் படிவு. அது எம் பொரியற்சட்டி எண்ணெய் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2017இல் வைட்சப்பலில் 250 மீற்றர் நீளமும் 130 தொன் எடையுமாகக் கண்டெடுக்கப்பட்ட கொழுப்புப் பாறையும் இவ்வாறு சிறிது சிறிதாகத் திரண்டதுதான். அதற்கப்பால், பழைய களிமண் குழாயின் பொருத்தொன்று விலகி, மரவேர் உள்ளே மயிர்க்கற்றையாய்த் தொங்கியது.

வந்தவர் திருத்தச் செலவை எழுதி நீட்டினார். அத்தொகை எம்மிடமில்லை, கடன்படுவதற்கே ஆயத்தமானேன். அவ்வேளை பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெரியவர் வேலிக்கு மேலாக ஒன்று சொன்னார்: “கையொப்பமிடாதீர்கள். என் வீட்டுக் குழாயும் அதிற்தான் சேர்கிறது.” ஒளிப்பதிவை மீண்டும் ஓட்டிப் பார்த்தோம். ஆறாவது மீற்றரில் பக்கக் குழாயொன்று வந்து இணைந்தது. பழுது இருந்ததோ ஒன்பதாவது மீற்றரில்.

அந்த மூன்று மீற்றரில்தான் எல்லாம் தங்கியிருந்தது. 2011 ஒக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில், பொதுச் சாக்கடையோடு இணைந்த பகிர்வுக் குழாய்கள் கழிவுநீர்க் கம்பனிகளின் பொறுப்பாயின. குழாய் உங்கள் வளவுக்குள்ளேயே கிடந்தாலும், அயல்வீட்டுக் குழாய் வந்து சேர்ந்த இடத்துக்கு அப்பால் அது கம்பனியுடையது. ஹவுன்ஸ்லோவில் அது தேம்ஸ் வோட்டர். உங்கள் வீட்டுக்கு மாத்திரம் பயன்படும் பகுதி, வளவின் எல்லை வரை உங்களுடையது. இப்பகுதியின் இரட்டை வீடுகளிலும் தொடர்வீடுகளிலும் பகிர்வுக் குழாய் சாதாரணம். எமது பழுது செலவின்றித் திருத்தப்பட்டது.

வாங்குமுன் செய்யப்படும் வீட்டு ஆய்வு குழாயினுள் பார்ப்பதில்லை. சட்டத்தரணி பெறும் நீர், வடிகால் தேடல் அறிக்கை, வீடு பொதுச் சாக்கடையோடு இணைந்துள்ளதா என்று சொல்லும்; குழாய் உடைந்துள்ளதா என்று சொல்லாது. ஆதலால் இந்த ஒரு மணித்தியாலம் ஒப்பந்தத்துக்கு முன்னரே செலவிடப்படவேண்டும். ஒளிப்பதிவையும் மீற்றர் இலக்கங்களோடு கூடிய அறிக்கையையும் கேட்டுப் பெறுங்கள். குசினியை நீட்ட எண்ணுவோர், பொதுச் சாக்கடைக்கு மூன்று மீற்றருக்குள் கட்டுவதாயின் கம்பனியின் இணக்கம் பெறவேண்டும். இரும்பு மூடியைத் தரையோட்டுக்குக் கீழே புதைத்துவிடாதீர்கள். அடுத்து அங்கு குடிவருபவரும் எம்மவராகவே இருக்கக்கூடும்.