நாய்க்கு வெளியே கொட்டகையா? சிமெண்டு கலக்கும் முன் சாய்வைப் பாருங்கள்

பெட்டாலிங் ஜெயாவில் சாயங்காலம் கொட்டித் தீர்த்த மழை, மறுநாள் காலையிலும் தரை வீடுகளின் பின்பக்க மண்ணில் நிற்கும். அங்கே நாய் வளர்த்தால் அது சேற்றில்தான் படுக்கும். "சிமெண்டு போட்டுட்டா தீர்ந்துச்சு" என்று பலர் முடிவெடுப்பது அப்போதுதான். முடிவு சரி. ஆனால் சாய்வு இல்லாமல் போட்டால், சேறு இருந்த இடத்தில் சிறுநீர் தேங்கும், அவ்வளவுதான்.

நாற்றம் மட்டும் பிரச்சனை இல்லை. எலிச் சிறுநீர் காய்ச்சலைப் பரப்பும் கிருமி எலி, நாய் இரண்டின் சிறுநீரிலும் வரலாம். ஈரத்தில் பல நாள் உயிரோடு இருக்கும். காய்ந்த தரை அதற்கு ஆகாது. தரை சீக்கிரம் காய வேண்டுமென்றால் தண்ணீர் தானாக ஓட வேண்டும்.

மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சாய்வு வையுங்கள். 3 மீட்டர் நீளமான தரை என்றால், நாய் படுக்கும் மூலையைவிட மறுமுனை 6 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். பலகை அடிக்கும்போதே நூல் கட்டி அளந்துவிடுங்கள். நான் முதல் தடவை கண்ணாலேயே அளந்தேன். தண்ணீர் நேராக சமையலறைக் கதவுக்கு வந்தது. உடைத்துத்தான் மறுபடி போட வேண்டியிருந்தது.

அந்தத் தண்ணீர் எங்கே போகும்? லோங்காங்கில் விட்டால், நம்ம ஊர்ப் பக்கம் பெஞ்சாலா ஆற்றுக்கும், அங்கிருந்து கிள்ளான் ஆற்றுக்கும் போய்ச் சேரும். அதனால் மலத்தை முதலில் அள்ளுங்கள். கழுவும் நீரைக் கழிவுநீர்க் குழாயில் சேர்க்க வேண்டும். அதற்குக் கூரை கட்டாயம், ஏனென்றால் மழைநீர் அந்தக் குழாய்க்குள் போகக் கூடாது. வெயிலில் சுடும் தரைக்கும் கூரைதான் வழி. கூரை போடும் முன் எம்பிபிஜேயிடம் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள். நாய்க்கு உரிமமும் அங்கேதான்.

மற்றது எளிது. மண்ணை வெட்டி, சிறு கற்களைப் பரப்பி இடித்து இறுக்குங்கள். மேலே பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் பி.ஆர்.சி கம்பி வலை. வலை தரையில் ஒட்டாமல் சற்று உயர்ந்திருக்கட்டும். பிறகு 10 சென்டிமீட்டர் கான்கிரீட்: சிமெண்டு ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு. 2 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளத்துக்கு 50 கிலோ சிமெண்டு ஏறக்குறைய 4 மூட்டை பிடிக்கும்.

மேற்பரப்பைக் கண்ணாடி மாதிரி தேய்க்கச் சொல்லாதீர்கள், நாய் வழுக்கி விழும். துடைப்பத்தை லேசாக இழுத்தால் போதும். ரொம்ப சொரசொரப்பாக இருந்தால் பாதம் தேயும்.

ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். அதுவரை நாயை உள்ளே விடாதீர்கள். ஈர சிமெண்டின் காரம் பாதத்தைப் புண்ணாக்கும். நாய் அதை நக்கவும் செய்யும். எல்லாம் முடிந்த பிறகும் வெறும் கான்கிரீட்டில் படுக்க வைக்காதீர்கள். முழங்கை தடித்துப் புண்ணாகும், குறிப்பாகக் கனமான நாய்களுக்கு. சற்று உயர்த்திய ஒரு பலகைப் படுக்கை போதும்.