மரத்தாலான கலங்கரை விளக்கம்

இரவில் கடலிற் செல்லும் கப்பல்களுக்குக் கரையையும் பாறைகள் நிறைந்த இடங்களையும் அறிவிக்க உயரமான இடத்தில் அமைக்கப்படுவது கலங்கரை விளக்கம் ஆகும். ‘கலம்’ என்பது கப்பலைக் குறிக்கும். ‘கரைதல்’ என்பதற்கு அழைத்தல் என்பது பொருள். காகம் தன் இனத்தை அழைப்பதைக் ‘காகம் கரைகிறது’ என்று கூறுகிறோம் அன்றோ? அவ்வாறே கலத்தை அழைக்கும் விளக்கு, கலங்கரை விளக்கம் எனப் பெயர் பெற்றது.

திருப்பதியும் சித்தூரும் கடலிலிருந்து விலகி அமைந்த நகரங்கள். எனினும், வேங்கட மலையைச் சூழ்ந்த இப்பகுதி பண்டைத் தொண்டை நாட்டோடு தொடர்புடையது. அந்நாட்டை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் நூல் பெரும்பாணாற்றுப்படை. அதனை இயற்றியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தில், ஏணி சார்த்திய உயர்ந்த மாடத்தின் உச்சியில் இரவில் ஏற்றிய விளக்கு, கடலில் திசை தடுமாறிய கலங்களை அழைத்தது என்று அந்நூல் கூறுகிறது. அம்மாடம் இன்று இல்லை. பாட்டில் மட்டுமே அது நிலைத்திருக்கிறது.

பிற நாடுகளில் தொடக்கக் காலத்தில் பல கலங்கரை விளக்கங்கள் மரத்தால் கட்டப்பட்டன. மரம் எளிதில் கிடைத்தது. விரைவாகக் கட்டவும் முடிந்தது. ஆனால், புயலும் நெருப்பும் மரத்திற்குப் பகை. இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலில் எடிஸ்டோன் என்னும் பாறை உள்ளது. அதன்மீது ஹென்றி வின்ஸ்டன்லி என்பவர் எழுப்பிய மரக் கோபுரத்தில் 1698ஆம் ஆண்டு விளக்கு ஏற்றப்பட்டது. 1703ஆம் ஆண்டுப் பெரும்புயல் அக்கோபுரத்தையும், அப்போது அதனுள் இருந்த வின்ஸ்டன்லியையும் கொண்டு சென்றது. அடுத்து எழுந்த மரக் கோபுரம் 1755இல் தீக்கிரையானது. அதன் பின்னரே அங்குக் கல் கோபுரம் கட்டப்பட்டது. இத்தகைய அழிவுகளுக்குத் தப்பி நிற்கும் பழைய மரக் கலங்கரை விளக்கங்கள் மிகச் சிலவே.

அவற்றுள் ஒன்று ஜப்பான் நாட்டின் சாக்காய் நகரத்தில் உள்ளது. 1877ஆம் ஆண்டு கட்டப்பட்ட அது ஆறு பக்கங்களைக் கொண்ட வெண்ணிற மரக் கோபுரம். அதன் கட்டுமானச் செலவிற்கு நகர மக்களும் நன்கொடை அளித்தனர். அடித்தளத்தைக் கல்தச்சர் அமைக்க, மேற்பகுதியை மரத்தச்சர் அமைத்தார். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் ஒளி தந்த அவ்விளக்கின் பணி 1968இல் முடிந்தது. பணி முடிந்த கோபுரம் எதற்கு என்று எண்ணி அந்நகரத்தார் அதை இடித்துவிடவில்லை. 1972இல் ஜப்பான் அரசு அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

இன்று கப்பல்களுக்கு வழிகாட்டச் செயற்கைக்கோள்கள் உள்ளன. இந்தியாவின் ‘நாவிக்’ செயற்கைக்கோள்கள், திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே விண்ணில் ஏவப்பட்டன. அவ்வாறாயின், பழைய மரக் கோபுரத்தைப் பேணுவது ஏன்?

முதலாவது, அது தொழில்நுட்பத்தின் சான்று. காற்றின் வேகத்தைத் தாங்குமாறு மரங்களை இணைத்த முறையைப் படத்தைக் காட்டிலும் கோபுரமே தெளிவாகக் காட்டும். இரண்டாவது, அது உழைப்பின் சான்று. ஒவ்வோர் இரவும் படியேறி விளக்கேற்றியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் வரலாற்றில் இல்லை. அவர்கள் ஏறிய படிகளே அவர்களை நினைவூட்டுகின்றன. மூன்றாவது, அது அறத்தின் சான்று. கலங்கரை விளக்கம் தன் நாட்டுக் கப்பல், அயல்நாட்டுக் கப்பல் என்று வேறுபாடு பார்ப்பதில்லை. முகம் அறியாத மனிதரும் உயிருடன் கரை சேர வேண்டும் என்னும் எண்ணமே அதன் ஒளியாகும்.

மரத்தாலான சின்னத்தைக் காப்பது எளிதன்று. மழையும் கறையானும் அதை அரிக்கும். ஆயினும் வழி உண்டு. கோயில் தேரின் சக்கரமோ அச்சோ பழுதுபட்டால், தச்சர் அதனை மட்டும் மாற்றுகிறார். தேர் அதே தேராகவே வீதியில் உலா வருகிறது. மரக் கோபுரத்தையும் அவ்வாறே பழுதான பலகையை மட்டும் மாற்றிப் பழைய முறைப்படியே பேணலாம். இதற்கு மரவேலை அறிந்த தச்சர்கள் தேவை. ஆகவே, கட்டடத்தைக் காப்பதோடு அதைக் கட்டும் கலையையும் காத்தல் வேண்டும்.

சென்னையிலும் இத்தகைய பொறுப்பு உண்டு. 1844இல் ஒளிரத் தொடங்கிய பழைய கலங்கரை விளக்கம் உயர் நீதிமன்ற வளாகத்தில் கல் தூணாக நிற்கிறது. அதன் பணி 1894இல் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சிக்கும், 1977இல் மெரினா கடற்கரைக்கும் மாறியது. கல்லுக்கே பராமரிப்பு தேவைப்படும்போது, மரத்திற்கு அது எவ்வளவு தேவை என்பதைக் கூற வேண்டியதில்லை. நீர்ப்பெயற்றின் மாடத்தை நாம் பாட்டில் மட்டுமே காண்கிறோம். எஞ்சியுள்ளவற்றையேனும் வருங்காலத்தினர் கண்ணாற் காணுமாறு பேணுதல் நம் கடமையாகும்.