காட்ஸில்லாவுக்காக மூன்றாவது காத்திருப்பு

சொந்த வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் வாடகைக்கு இருக்கிற ஒருவர், "பெண்ணுக்கு ஊரே மெச்சுகிற மாதிரி கல்யாணம் செய்யப்போகிறேன்" என்று சொன்னால் என்ன செய்வோம்? முகத்துக்கு நேரே வாழ்த்துவோம். தெருமுனை திரும்பியதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். நிஸானின் ஜிடி-ஆர் என்ற வேகக் காரின் ரசிகர்கள் இன்று அப்படித்தான் பார்த்துக்கொள்கிறார்கள். யோகோஹாமாவில் உள்ள தன் தலைமையகக் கட்டடத்தை 9,700 கோடி யென்னுக்கு விற்பதாக 2025 நவம்பரில் நிஸான் அறிவித்தது. விற்ற கையோடு 20 ஆண்டுக் குத்தகைக்கு அதே கட்டடத்தில் குடியிருக்கவும் ஏற்பாடு. இதே நிஸான்தான் ஜிடி-ஆர் திரும்பி வரும் என்றும் சொல்கிறது.

அதற்குச் சுமார் இரண்டரை மாதம் முன்பு, ஆகஸ்ட் 26 அன்று, தொச்சிகி தொழிற்சாலையிலிருந்து ஜிடி-ஆரின் அண்மைத் தலைமுறையான ஆர்35-ன் கடைசிக் கார் வெளியே வந்தது. ‘மிட்நைட் பர்ப்பிள்’ என்ற கருஊதா நிறம். 18 ஆண்டுகளில் மொத்தம் சுமார் 48,000 கார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் நிறுவனத் தலைவர் பொறுப்பை ஏற்ற இவான் எஸ்பினோசா, இது நிரந்தரப் பிரிவு அல்ல, ஜிடி-ஆர் மறுபடி வரவேண்டும் என்பதே எங்கள் நோக்கம் என்றார். தேதி, விலை, எஞ்சின் எதையும் சொல்லவில்லை. முடிவான திட்டம் இன்னும் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. ரசிகர்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பிறக்காத பிள்ளைக்கு ஆர்36 என்று பேர் வைத்தாயிற்று.

இந்தக் குடும்பத்துக்குக் காத்திருப்பு ஒன்றும் புதிதல்ல. முதல் ஸ்கைலைன் ஜிடி-ஆர் 1969-ல் வந்தது. பெட்டி மாதிரி இருந்ததால் ஜப்பானியர்கள் அதைச் செல்லமாக ‘ஹகோசுகா’ என்றார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் ஜப்பானின் பந்தயத் தடங்களில் 50 வெற்றிகள். அடுத்த தலைமுறை 1973-ல் வந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நெருக்கியதில் 197 கார்களோடு நின்றுபோனது. பந்தயத் தடத்தை அது பார்க்கவே இல்லை. அதன்பின் 16 வருடம் ஜிடி-ஆர் என்ற பெயரே எந்தக் காரின் முதுகிலும் இல்லை.

1989-ல் ஆர்32 வந்தபோது அந்த 16 வருடத்துக்கும் வட்டி போட்டுத் திருப்பிக் கொடுத்தது. அதன் எஞ்சின் கொள்ளளவு 2,568 சிசி. இதென்ன விநோதக் கணக்கு என்று தோன்றும். குரூப் ஏ பந்தய விதிப்படி, டர்போ வைத்த எஞ்சினின் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்கித்தான் வகுப்பு பிரிப்பார்கள். 2,568-ஐப் பெருக்கினால் 4,366 வரும், 4.5 லிட்டர் வகுப்புக்குள் அடக்கமாக உட்கார்ந்துகொள்ளும். அதாவது, முதலில் விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டு அப்புறம் எஞ்சினை வார்த்திருக்கிறார்கள். ஜப்பானின் டூரிங் கார் போட்டியில் 1990 முதல் 1993 வரை 29 பந்தயம், 29 வெற்றி. ஆஸ்திரேலியாவின் ‘வீல்ஸ்’ இதழ்தான் இதற்குக் காட்ஸில்லா என்று பட்டப்பெயர் சூட்டியது. அங்கே பாத்தர்ஸ்ட் பந்தயத்தை 1991, 1992 இரண்டு ஆண்டும் ஆர்32 தட்டிச் சென்றது. இரண்டாம் முறை, மழையில் கார் மோதி நொறுங்கிய பிறகும் விதிப்படி அதுவே வென்றதாக அறிவிக்கப்பட்டது. கூட்டம் கூச்சலிட்டது. வெற்றிமேடையில் நின்ற அதன் ஓட்டுநர் ஜிம் ரிச்சர்ட்ஸ் திருப்பித் திட்டினார். அடுத்த ஆண்டு முதல் விதியை மாற்றி அந்தக் காரை வெளியே வைத்துவிட்டார்கள். ஒரு காருக்கு இதைவிடப் பெரிய விருது கிடையாது என்பது என் கட்சி.

இரண்டாவது காத்திருப்பு 2002-ல் ஆர்34 நின்றபோது தொடங்கியது. ஐந்து வருடம்தான், ஆனால் சந்தேகங்கள் இன்றைக்குக் கேட்பதைவிடக் கூர்மையாக இருந்தன. ஸ்கைலைன் என்ற குடும்பப் பெயர் போகிறதாம். நேர்வரிசை ஆறு சிலிண்டர் போய் வி6 வருகிறதாம். கிளட்ச் பெடல் கிடையாதாம், கியர் மாற்றுவதுகூட மின்னணுவாம். 1,740 கிலோவாம்! இது ஜிடி-ஆரே இல்லை என்று பலர் கைகழுவினார்கள். 2007-ல் ஆர்35 வந்தது. 3.8 லிட்டர் இரட்டை டர்போ, 480 குதிரைத்திறன். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தை 2008-ல் 7 நிமிடம் 29 விநாடியில் சுற்றியபோது, அதை நம்ப மறுத்தவர் வரிசையில் போர்ஷேவும் நின்றது. 2013-ல் அதன் நிஸ்மோ என்ற அதிவேக வடிவம் அதை 7 நிமிடம் 8 விநாடிக்குக் கொண்டுவந்தது.

நம்மில் பலருக்கு ஜிடி-ஆர் அறிமுகமானது சாலையில் அல்ல, பிளேஸ்டேஷனில், ‘கிரான் டூரிஸ்மோ’ விளையாட்டில். அந்த விளையாட்டை உருவாக்கியவர்களே ஆர்35-ன் டேஷ்போர்டுத் திரையையும் வடிவமைத்தார்கள். இந்தியாவில் 2016 டிசம்பரில் 1.99 கோடி ரூபாய்க்கு (டெல்லி ஷோரூம் விலை) அது வந்தபோது, வாங்கியவர்களைவிட அதை ஏற்கெனவே விரல் நுனியில் ஓட்டிப் பழகியவர்கள் எத்தனையோ மடங்கு அதிகம். நானும் அந்தக் கூட்டம்தான்.

இப்போது மூன்றாவது காத்திருப்பு. பழைய சந்தேகங்கள் புதுச் சட்டை போட்டு வந்திருக்கின்றன. முதலாவது, மின்சாரம். 2023 அக்டோபரில் டோக்கியோ கண்காட்சியில் நிஸான் ‘ஹைப்பர் ஃபோர்ஸ்’ என்ற மாதிரிக் காரை வைத்தது. பெயர்தான் வேறு, முகம் ஜிடி-ஆரின் முகம். 1,000 கிலோவாட், அதாவது சுமார் 1,360 குதிரைத்திறன். திண்ம நிலை பேட்டரி. அந்த பேட்டரியே இன்னும் விற்பனைக்கு வரவில்லை. 2028 நிதியாண்டு என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். நிஸானின் அமெரிக்கக் கிளை உயரதிகாரி ஒருவரோ 2025-ல் வேறு மாதிரி பேசினார்: மின்சாரம் மட்டும் என்றால் நூர்பர்க்ரிங்கில் ஒரு சுற்று முடிந்ததும் சார்ஜுக்கு நிறுத்த வேண்டிவரும், எனவே ஹைபிரிட் வழிதான் பொருந்தும் என்று. ரசிகர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். பிறகு ஹைபிரிட் என்றால் எடை எவ்வளவு ஏறும் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

எடை வீண் கவலை இல்லை. 2025 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலூனில் நிஸான் பொறியாளர்கள் ஒரு பழைய ஆர்32-ஐக் காட்டினார்கள். எஞ்சினைக் கழற்றிவிட்டு இரண்டு மோட்டாரும் பேட்டரியும் வைத்தது. எடை சுமார் 1,800 கிலோ. மூலக் கார் 1,430 கிலோதான். ஸ்பீக்கரில் பழைய எஞ்சினின் சத்தம். கியர் மாறும்போது வரும் குலுக்கலைக்கூட மோட்டாரை வைத்தே நடிக்கவைத்திருந்தார்கள். செய்தவர்களின் பாசத்தில் குறை சொல்ல முடியாது. இருந்தாலும், போனவர் குரலை டேப்பில் போட்டுக் கேட்கிற மாதிரி ஒரு உணர்வு.

இரண்டாவது, விலை. ஆர்35 பிறந்தபோது 77 லட்சத்து 70 ஆயிரம் யென். பெராரிக்குப் பக்கத்தில் நிற்கும் காரைச் சம்பளக்காரரும் கனவு காணலாம் என்பதே அதன் கவர்ச்சி. விடைபெறும்போது ஆரம்ப விலையே 1 கோடியே 44 லட்சம் யென்; கடைசி நிஸ்மோ 3 கோடி யென்னைத் தாண்டியது. பேட்டரியும் சேர்ந்தால் ஆர்36 யார் கைக்கு எட்டும்? இதற்கு நல்ல பதில் எதையும் நான் இதுவரை கேட்கவில்லை.

ஆனால் எடை, விலை, மின்சாரம் எல்லாமே காரைப் பற்றிய சந்தேகங்கள். ஆர்35 மாதிரி, வந்து ஒரு சுற்று ஓடினால் அடங்கிவிடும். இம்முறை புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: காரை அல்ல, காரைச் செய்கிற வீட்டையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. 2024 நிதியாண்டில் நிஸானின் நிகர நஷ்டம் 67,000 கோடி யென்னுக்கு மேல். 20,000 பேருக்கு வேலை போகிறது. 17 தொழிற்சாலைகள் 10 ஆகின்றன. ஒப்பாமா தொழிற்சாலையும் மூடும் பட்டியலில். ஹோண்டாவோடு இணைப்புப் பேச்சு 2024 டிசம்பரில் தொடங்கி பிப்ரவரியில் முறிந்தது. சென்னையை அடுத்த ஒரகடம் தொழிற்சாலையில் தனக்கிருந்த 51 சதவீதத்தையும் கூட்டாளி ரெனோவிடமே விற்றுவிட்டது. மேக்னைட் கார்கள் அங்கே தொடர்ந்து தயாராகின்றன. தொழிற்சாலைதான் நிஸானுடையது அல்ல.

பக்கத்து வீட்டு டொயோட்டாவோ 2025 டிசம்பரில் ஜிஆர் ஜிடி காரைத் திரைவிலக்கிவிட்டது. 4 லிட்டர் இரட்டை டர்போ வி8 ஹைபிரிட், 650 குதிரைத்திறன் இலக்கு. நிஸான் ரசிகர் அதைப் பார்த்துக் கைதட்டுவார், கை வலிக்கும்.

நம்பிக்கைக்காரர்கள் இங்கே ஒரு பழைய கதையை எடுத்துப் போடுவார்கள், அதில் உண்மை உண்டு. 1999-ல் நிஸான் 2 லட்சம் கோடி யென் கடனில் தத்தளித்தது. ரெனோ பணம் போட்டுக் கார்லோஸ் கோஸனை அனுப்பியது. பின்னாளில் பெட்டிக்குள் பதுங்கி ஜப்பானைவிட்டுப் பறந்தாரே, அதே கோஸன். தொழிற்சாலைகளை மூடிய அதே கையால் 2001 டோக்கியோ கண்காட்சியில் புது ஜிடி-ஆரின் மாதிரியைக் காட்டினார். செலவுக்கணக்கில் வாங்க முடியாத மரியாதையை இந்த ஒரு கார் வாங்கித் தரும் என்று அந்தக் கணக்குப்பிள்ளைக்கே தெரிந்திருந்தது. ஆக, ஆர்35-ம் வறுமையில் கருவானதுதான். ஆனால் அப்போது பின்னால் ரெனோவின் பணப்பை இருந்தது. இப்போது அந்த உறவும் தளர்ந்துவிட்டது.

எனவே அடுத்த கண்காட்சியில் பளபளப்பான மாதிரிக் கார் திரைவிலகினால் நான் பெரிதாகத் துள்ளப்போவதில்லை. எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு என்று இரண்டு வரி அறிவிப்பு வந்தால் துள்ளுவேன். ஆர்35-ன் ஒவ்வொரு எஞ்சினையும் யோகோஹாமாவில் ஒரே கைவினைஞர் முதலிலிருந்து கடைசிவரை பூட்டி, தன் பெயர்த்தகட்டைப் பொருத்துவார். ‘தகுமி’ என்று அவர்களுக்குப் பெயர். 18 ஆண்டுகளில் மொத்தமே ஒன்பது பேர். கைப்பழக்கம் மறப்பதற்குள் அவர்கள் மேஜைக்கு ஏதாவது ஓர் எஞ்சின் வந்து சேரவேண்டும்.