காக்கும் கவசமே காலன் ஆகலாம்!

தீயணைக்கும் வண்டிக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து

நள்ளிரவு. அமெரிக்காவில் ஒரு தீயணைப்பு நிலையம். அபாய மணி ஒலிக்கிறது!

தூங்கிக்கொண்டிருந்த வீரர்கள் துள்ளி எழுகிறார்கள். சுவர் ஓரத்தில் பெரிய பூட்சுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு ஜோடி பூட்சின் மேலும் கால்சட்டை சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

பூட்சுக்குள் காலை விட வேண்டியது. கால்சட்டையை மேலே இழுக்க வேண்டியது. இடுப்புக்குக் கீழே உடுப்பு தயார்! அடுத்து கனமான கோட்டு. பிறகு வண்டியை நோக்கி ஓட்டம்.

மணி ஒலித்த 80 விநாடிக்குள் வண்டி புறப்பட்டுவிட வேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்யும் தீயணைப்பு வீரர்களுக்கு அந்நாட்டில் வகுக்கப்பட்டுள்ள இலக்கு இது.

வண்டி சீறிப் பாய்கிறது. உள்ளே நாலு வீரர்கள். அவர்களோடு தலைக்கவசம், காற்றுச் சிலிண்டர், கோடரி, கைவிளக்கு எல்லாம் பயணம் செய்கின்றன.

வீரர்களுக்குப் பெல்ட் உண்டு. அது அவர்களை இருக்கையோடு கட்டிப் பிடித்திருக்கிறது.

அந்தத் தலைக்கவசத்தைக் கட்டிப் பிடித்திருப்பது எது? அந்தக் கோடரியைப் பிடித்திருப்பது எது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால், நெருப்பை நெருங்கும் முன்பே வீரரின் உயிர் போய்விடலாம்.

பறக்கும் தலைக்கவசம்

வண்டி மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் அதே வேகத்தில்தான் போகிறது. திடீரென்று எதிரே ஒரு லாரி! வண்டி மோதி நின்றுவிடுகிறது.

வண்டிதான் நின்றது. உள்ளே சும்மா வைத்த பொருள் நிற்காது. அது மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்திலேயே முன்னால் பறக்கும். யார் மீதாவது, எதன் மீதாவது மோதினால்தான் நிற்கும்.

அந்த வேகத்தை எப்படிப் புரிந்துகொள்வது? ஒரு பொருளை சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால், தரையைத் தொடும்போது அதற்கு இந்த வேகம் இருக்கும். 14 மீட்டர் என்பது நாலு மாடி உயரம்.

நாலு மாடி உயரத்திலிருந்து ஒரு கோடரி விழுகிறது. அடியில் நிற்பவர் கதி என்ன? வண்டிக்குள் அவிழ்ந்து கிடக்கும் கோடரியும் அதைத்தான் செய்யும்.

வேலியே பயிரை மேய்ந்த கதையாக, உயிரைக் காக்க வந்த கருவியே உயிரைக் குடித்துவிடும்!

அமெரிக்காவில் பணியின்போது இறந்த தீயணைப்பு வீரர்களில், மாரடைப்புக்குப் பலியானவர்களே அதிகம். அதற்கு அடுத்த இடத்தைப் பல ஆண்டுகளில் பிடித்தவை வண்டி விபத்துகளே. வீரருக்கு எதிரி நெருப்பு மட்டும் அல்ல. நெருப்பை நோக்கிப் போகும் பயணமும் எதிரிதான்.

தொங்கிக்கொண்டு போன காலம்

ஒரு காலத்தில் இந்தக் கவலையே கிடையாது. ஏனென்றால், வீரர்களில் பலர் வண்டிக்கு உள்ளேயே உட்காருவது இல்லை!

வண்டியின் பின்புறத்தில் ஒரு பலகை இருக்கும். அதில் ஏறி நின்று, ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவார்கள். போகிற போக்கிலேயே கோட்டையும் மாட்டிக்கொள்வார்கள். பார்ப்பதற்கு வீரமாக இருக்கும். ஒரு குலுக்கலில் பிடி தவறினால் நடு ரோட்டில் பிணம்!

இதற்கு முடிவு கட்ட முன்வந்தது, அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம். 1896-ல் தோன்றிய பழைய சங்கம் இது. தீயணைக்கும் வண்டி எப்படி இருக்க வேண்டும், வீரரின் உடுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று விதிகளை வகுத்து வெளியிடுகிறது.

பின் பலகையில் நின்று போகக் கூடாது என்று 1987-ல் இந்தச் சங்கத்தின் விதி சொன்னது. வீரர்கள் அனைவரும், நாலு பக்கமும் மூடிய அறைக்குள் உட்கார்ந்துதான் போக வேண்டும். புதிய வண்டிகளை அப்படியே கட்ட வேண்டும் என்று 1991-ல் வந்த விதி கூறியது.

வீரர்கள் உள்ளே வந்தார்கள். அவர்களோடு கருவிகளும் உள்ளே வந்தன. புதிய ஆபத்தும் கூடவே வந்தது.

அரிசி மூட்டைக் கணக்கு

அந்த ஆபத்தைத் தடுக்க ஒரு கணக்குப் போட்டார்கள்.

வீரர்கள் உட்காரும் அறையில் ஒரு பொருளை வைக்க வேண்டுமானால், ஒன்று, கதவும் தாழ்ப்பாளும் உள்ள பெட்டிக்குள் வைக்க வேண்டும். அல்லது, பிடிப்பானில் பூட்டி வைக்க வேண்டும். அந்தப் பெட்டியோ பிடிப்பானோ, முன்பக்கமாக வரும் இழுப்பில், அப்பொருளின் எடையைப் போல் 9 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். மற்ற பக்கங்களில் 3 மடங்கு விசையைத் தாங்க வேண்டும்.

முன்பக்கத்துக்கு மட்டும் ஏன் இத்தனை அதிகம்? நேருக்கு நேர் மோதும்போதுதான் பொருள்கள் மிகக் கடுமையாக முன்னால் பாய்கின்றன.

10 கிலோ எடை உள்ள காற்றுச் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பிடித்திருக்கும் கருவி 90 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். ஏறக்குறைய ஓர் அரிசி மூட்டையின் கனம்! ஒரு மெல்லிய சணல் நூலோ, ரப்பர் வாரோ இதைத் தாங்குமா? அறுந்துவிடலாம்.

அதனால்தான், "கயிற்றால் கட்டி வைத்திருக்கிறோம்" என்ற பேச்சு அங்கே செல்லாது.

முதுகில் ஏறும் சிலிண்டர்

வீரர் முதுகில் சுமக்கும் சிலிண்டரில் இருப்பது பிராண வாயு என்று பலர் நினைக்கிறார்கள். தவறு! அதில் இருப்பது, நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். சுத்தப்படுத்தி, அழுத்தி அடைத்த காற்று.

எவ்வளவு அழுத்தம் தெரியுமா? மோட்டார் கார் டயரில் இருப்பதைப் போல் சுமார் 150 மடங்கு! இப்படிப்பட்ட சிலிண்டர் வண்டிக்குள் உருண்டால் என்ன ஆகும்?

பல வண்டிகளில், இருக்கையின் முதுகுப் பக்கத்திலேயே சிலிண்டரைப் பொருத்தியிருப்பார்கள். வீரர் சாய்ந்து உட்கார்ந்து, வாரில் கையை நுழைத்துக்கொள்வார். இடம் வந்ததும் எழுந்தால், சிலிண்டரும் முதுகோடு வந்துவிடும். நேரம் மிச்சம்.

பழைய பிடிப்பான்களில் ஒரு குறை இருந்தது. வெறும் ஸ்பிரிங்கு மட்டும் சிலிண்டரைக் கவ்விக்கொண்டிருக்கும். நாள் ஆக ஆக ஸ்பிரிங்கு தளரும். மோதலின்போது சிலிண்டர் கழன்றுவிடும்.

இப்போதைய விதி என்ன சொல்கிறது? பூட்டு விழுந்தால்தான் சிலிண்டர் அதன் இடத்தில் நிற்க வேண்டும். பூட்டு விழாவிட்டால் அங்கே நிற்கவே கூடாது. "பூட்ட மறந்துவிட்டேன்" என்று சொல்வதற்கே இடம் இல்லை!

தலையில் போடாதே!

"தலைக்கவசத்தைத் தலையிலேயே மாட்டிக்கொண்டு போனால் என்ன? பறக்காதே!" என்று சிலர் கேட்கலாம்.

கூடாது. ஓடும் வண்டிக்குள் தலைக்கவசம் அணிவது ஆபத்து. நெருப்பு வீரரின் கவசம், மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் கவசத்தைப் போன்றது அல்ல. மேலிருந்து விழும் செங்கல்லையும், தீப்பொறியையும், சுடு தண்ணீரையும் தடுக்கச் செய்தது. பலவற்றில் பின்னால் நீண்ட விளிம்பு இருக்கும். வீரர் சாய்ந்து உட்கார முடியாது. மோதலின்போது அந்த விளிம்பு இருக்கையில் இடித்துத் தலையை முன்னால் தள்ளும். கழுத்துக்கு ஆபத்து!

ஆகவே, ஒவ்வொரு இருக்கையிலிருந்தும் தெரியும்படி ஓர் எச்சரிக்கை ஒட்டப்பட்டிருக்கும்: "உட்கார்ந்திருக்கும்போது தலைக்கவசம் அணியாதீர்!" கவசத்தை வைக்க வண்டியில் தனி இடம் உண்டு. அங்கே மாட்டிப் பூட்ட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

இதுவரை சொன்னது, தீயை நோக்கிப் போகும்போது உள்ள ஆபத்து. திரும்பி வரும்போது வேறோர் ஆபத்து!

தீ அணைந்துவிட்டது. கோட்டு முழுவதும் கரி. அதைப் போட்டுக்கொண்டே வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். முன்னாளில் கரி படிந்த கோட்டு என்றால் பெருமை. "பெரிய தீயைப் பார்த்தவன்" என்பதற்கு அதுவே அடையாளம்.

இன்றோ டாக்டர்கள் அதைக் கண்டு அஞ்சுகிறார்கள். இக்காலத்து வீடுகளில் எரிவது மரம் மட்டும் அல்ல. பிளாஸ்டிக்கு, ரப்பர், பஞ்சு மெத்தை, பெயிண்டு எல்லாம் சேர்ந்து எரிகின்றன. அந்தப் புகையில் உள்ள நஞ்சு உடுப்பில் ஒட்டிக்கொள்கிறது. தீ அணைந்த பிறகும், உடுப்பிலிருந்து நச்சு ஆவி வெளியே வந்துகொண்டே இருக்கிறது. மூடிய வண்டிக்குள் அதை எல்லோரும் சுவாசிக்க வேண்டியதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் பிரான்சு நாட்டில் இருக்கிறது. தீயணைக்கும் தொழில் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று 2022-ல் அந்த நிலையம் அறிவித்தது. புகையிலைப் புகை எந்த வரிசையில் இருக்கிறதோ, அதே முதல் வரிசையில் இதையும் சேர்த்தது. இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று இதற்குப் பொருள் அல்ல. "போதுமான சான்று கிடைத்துவிட்டது" என்று பொருள்.

சுவீடன் காட்டிய வழி

சுவீடன் நாட்டின் வடக்கே ஷெல்லெப்டியோ என்று ஓர் ஊர். அவ்வூர் வீரர்கள் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள்.

தீயை அணைத்ததும், அந்த இடத்திலேயே அழுக்கு உடுப்பைக் கழற்றுகிறார்கள். காற்றுப் புகாத பையில் போட்டு மூடுகிறார்கள். பையை, ஆட்கள் உட்காரும் அறையில் வைப்பது இல்லை. தனி இடத்தில் வைக்கிறார்கள். வீரர்கள் வேறு துணி அணிந்துகொண்டு ஊர் திரும்புகிறார்கள். இந்த முறை பல நாடுகளுக்கும் பரவியது.

கழுவினால் பயன் உண்டா? உண்டு! அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தீ நடந்த இடத்திலேயே சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டு உடுப்பைத் தேய்த்துக் கழுவினார்கள். கரியோடு வரும் ஒருவகை நஞ்சில் 100-க்கு 85 பங்கு போய்விட்டது!

ஒரு வாளித் தண்ணீர், ஒரு துண்டு சோப்பு. விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லை.

எது முக்கியம்?

இப்போது அங்கே ஒரு வாதம் நடக்கிறது. சிலிண்டரை இருக்கையிலேயே வைப்பதா, வெளியே தனி அறையில் வைப்பதா?

"இருக்கையிலேயே இருக்கட்டும். எரியும் வீட்டுக்குள் ஒரு குழந்தை அலறும்போது, ஒவ்வொரு விநாடியும் முக்கியம்" என்கிறது ஒரு கட்சி.

"வெளியே வைப்போம். மோதலில் பறக்காது. நஞ்சும் உள்ளே வராது. சில விநாடி தாமதத்தைப் பயிற்சியால் ஈடு கட்டலாம்" என்கிறது மறு கட்சி.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் புதிய வண்டிகள் பலவற்றில் சிலிண்டர் வெளியே போய்விட்டது.

அப்பாவின் கார்

அமெரிக்காவில் 2020-ம் ஆண்டுக் கணக்குப்படி, தீயணைப்பு வீரர்களில் 100-க்கு 65 பேர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பகலில் கடையிலோ, பண்ணையிலோ வேலை செய்வார்கள். அழைப்பு வந்தால் ஓடுவார்கள். அவர்களில் பலர் உடுப்பைச் சொந்தக் காரிலேயே வைத்திருப்பார்கள்.

அதே காரில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்!

உடுப்பைப் பின் இருக்கையில் சும்மா போட்டால், கரியும் நஞ்சும் குழந்தையின் கைக்கு வரும். வெயில் படும்படி கண்ணாடி ஓரத்தில் போட்டால், உடுப்பே கெடும். நெருப்பைத் தாங்கும் அந்தத் துணி வெயிலைத் தாங்காது! சூரிய ஒளி அதன் நூலை நாளடைவில் நைந்துபோகச் செய்யும். ஈரத்தோடு மூட்டை கட்டி வைப்பதும் தவறு. மறுபடி தீயின் அருகில் போனால், அந்த ஈரம் ஆவியாகி உடம்பைச் சுட்டுவிடும்.

கழுவி, நிழலில் உலர்த்தி, மூடிய பையில் போட்டு, காரின் பின்பெட்டியில் அசையாமல் வைக்க வேண்டும். இதுவே சரியான முறை.

நமக்கும் ஒரு பாடம்

தீயணைக்கும் வண்டிக்குச் சொன்ன கணக்கு, குடும்பத்தோடு போகும் காருக்கும் பொருந்தும். பின் கண்ணாடி ஓரத்தில் எவர்சில்வர் டிபன் கேரியர். இருக்கையில் தண்ணீர்க் கூஜா. மோதல் நேர்ந்தால் அவையும் பறக்கும். கனமான பொருளைக் கீழே, பின்பெட்டியில் வைப்பது நல்லது. பெல்ட் போட்டுக்கொள்வது அதைவிட நல்லது.

தீயணைப்பு வீரர், மற்றவர்களின் குழந்தையைக் காப்பாற்றப் போகிறார். அவருக்கும் வீட்டில் ஒரு குழந்தை காத்திருக்கிறது. வாசலில் கார் சத்தம் கேட்டதும், அது ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொள்ளும்.

அவர் முழு உடம்போடு திரும்ப வேண்டும். அவர் உடுப்பில் உள்ள நஞ்சு அவரோடு திரும்பக் கூடாது.

அதற்கு வேண்டியவை ஒரு பூட்டு, ஒரு பை, ஒரு வாளித் தண்ணீர். அவ்வளவுதான்!