மலிவு விலை சிலிக்கோன் கரண்டிகள்: பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

புதுதில்லி: மும்பை மாட்டுங்கா சந்தையின் பாத்திரக் கடைகளில் காபி பில்டர், சேவை நாழி, ஈயச் சொம்பு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இப்போது வண்ண வண்ணமாகத் தொங்குபவை சிலிக்கோன் கரண்டிகள். செம்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய கடைகளிலும், தாராவியின் 90 அடிச் சாலை நடைபாதைகளிலும் இதே சரக்குதான். தோசைத் திருப்பி, எண்ணெய் தடவும் தூரிகை, இட்லி அச்சு என்று வகைகள் பெருகிவிட்டன. தரமான நிறுவனத்தின் தயாரிப்புக்குப் பல நூறு ரூபாய் கொடுக்க வேண்டிய இடத்தில், பெயரில்லாத சரக்கு நூறு ரூபாய்க்கும் குறைவாகவே கிடைத்துவிடுகிறது.

நான்-ஸ்டிக் தோசைக்கல் பரவியதன் விளைவு இது. உலோகக் கரண்டி பட்டால் கல்லின் பூச்சு கீறிப் போகும்; மரக் கரண்டி ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். இந்த இரண்டு குறைகளும் இல்லாத பொருளாகச் சிலிக்கோன் வந்து சேர்ந்தது. ஆனால், ரப்பர் போல வளையும் ஒரு பொருளைக் கொதிக்கும் எண்ணெயில் இடலாமா என்ற ஐயமும் கூடவே வந்தது. அந்த ஐயத்துக்கு விடை சொல்ல வேண்டிய அரசுத் துறைகள் மூன்று இருந்தும், மலிவு விலைக் கரண்டி மூன்றின் பிடியிலும் சரியாகச் சிக்கவில்லை என்பதே இப் பிரச்னையின் மையம்.

சிலிக்கோன் என்பது எது?

சிலிக்கான் வேறு, சிலிக்கோன் வேறு. முன்னது மணலில் ஆக்சிஜனுடன் கலந்து கிடக்கும் தனிமம். கணினிச் சில்லுகளுக்கு மூலப்பொருள் அதுவே. பின்னது, சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலிகளில் கரிமக் குழுக்களைச் சேர்த்துத் தொழிற்சாலையில் உருவாக்கப்படும் பொருள். சாதாரண பிளாஸ்டிக் இளகிவிடும் வெப்பத்திலும் அது உருக்குலையாது. உணவுத் தரச் சிலிக்கோன் பொதுவாக 200 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேல் வரை தாங்கும்.

ஆனால், அச்சில் வார்த்தெடுத்தவுடன் அது சமையலுக்குத் தயாராகிவிடுவதில்லை. சங்கிலியில் சேராமல் எஞ்சிய சிறு மூலக்கூறுகள் அதனுள் தங்கியிருக்கும். வளையச் சிலாக்சேன்கள் எனப்படும் இவற்றை வெளியேற்ற, வார்த்த பொருளைச் சூட்டடுப்பில் பல மணி நேரம் மறுபடியும் பதப்படுத்த வேண்டும். இதற்கு மின்சாரமும் நேரமும் செலவாகும். விலையைக் குறைக்க விரும்பும் உற்பத்தியாளர் முதலில் கைவைக்கக்கூடிய படிநிலை இதுதான். கரண்டியைப் பார்த்து, பதப்படுத்தியதா இல்லையா என்று கண்டறிய வாங்குபவரால் இயலாது.

இதற்கென ஜெர்மனியில் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. அந்நாட்டின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் வகுத்த பரிந்துரையின்படி, சிலிக்கோன் பொருளை 200 டிகிரி வெப்பத்தில் 4 மணி நேரம் வைத்தால் அதன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஆவியாகிப் போகக் கூடாது. அதற்கு மேல் போனால், பதப்படுத்துதல் முறையாக நடக்கவில்லை என்று பொருள்.

டி-4, டி-5, டி-6 என்று குறிக்கப்படும் மூன்று வளையச் சிலாக்சேன்களை 2018 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் மிகுந்த கவனத்துக்குரிய வேதிப்பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. சுற்றுச்சூழலில் எளிதில் சிதையாமல் தங்கிவிடும் தன்மையே அதற்கு முக்கியக் காரணம். இவற்றில் டி-4, கருவுறும் திறனைப் பாதிக்கக்கூடும் என்ற ஐயத்துக்கும் உரியது. சிலிக்கோன் கரண்டியால் சமைத்தவர்களுக்கு நோய் வந்தது என்பதற்கான ஆதாரமாக இதைக் கொள்ள முடியாது. தேவையின்றி உணவில் சேரவிட வேண்டாம் என்ற எச்சரிக்கையாகக் கொள்ளலாம்.

எண்ணெயும் வெப்பமும்

சிலாக்சேன்கள் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை, கொழுப்பில் கரையும். ஆகவே, ஒரே சிலிக்கோன் பொருள் ஒரு வேலையில் தொல்லையற்றதாகவும் இன்னொரு வேலையில் கவனத்துக்குரியதாகவும் மாறுகிறது. இட்லி அச்சு நீராவியில் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை, எண்ணெயும் குறைவு. மாவு வழித்தெடுக்கும் கரண்டிக்கு வெப்பமே இல்லை. பூரி பொரிக்கும் எண்ணெயோ 180 டிகிரிக்கு மேல் காய்கிறது. தாளிப்பு கரண்டியும், வெறுமனே காயும் இரும்புத் தோசைக்கல்லும் 200 டிகிரியை எளிதில் கடந்துவிடும். அங்கே தூரிகையைச் சிலிக்கோனில் வாங்குவதைவிட, பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி எண்ணெய் தடவும் பழைய வழக்கமே மேல்.

கரண்டியை இரு விரலால் கிள்ளி இழுத்தால் வெண்மை தெரிந்தால் அது கலப்படம் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. மலிவான நிரப்புப் பொருள் கலந்திருக்கலாம் என்பதற்கு அது ஓர் அறிகுறியாகலாம். ஆனால், நிறமிகளாலும் அவ்வாறு நேரும் என்பதால் அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல இயலாது. வாங்கிய கரண்டியைச் சுடுநீரில் இட்டதும் நெடி வீசினாலோ, மேற்பரப்பு பிசுபிசுத்தாலோ பயன்படுத்தாமல் விடுவதே நல்லது.

சிலிக்கோன் என்ற பெயரில் விற்கும் எல்லாமே சிலிக்கோன் அல்ல என்பது மற்றொரு சிக்கல். மேலே மெல்லிய சிலிக்கோன் உறையும் உள்ளே நைலானும் கொண்ட கரண்டிகளும், முற்றிலும் கறுப்பு நைலானால் ஆன கரண்டிகளும் ஒரே கூடையில் கிடக்கின்றன. தரம் குறைந்த நைலானிலிருந்து, புற்றுநோய் ஐயத்துக்குரிய அரோமாட்டிக் அமீன்கள் உணவில் இறங்குவது கண்டறியப்பட்டதால், சீனா, ஹாங்காங்கிலிருந்து வரும் நைலான், மெலமின் சமையல் பொருள்களுக்கு 2011-இல் ஐரோப்பிய ஒன்றியம் தனிக் கட்டுப்பாடுகளை விதித்தது.

கறுப்பு பிளாஸ்டிக் பற்றி 2024-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று பெரும் பரபரப்பை எழுப்பியது. மின்னணுக் கழிவுகளின் உறைகளில் தீத்தடுப்புக்காகச் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள், மறுசுழற்சி வழியாகச் சமையல் கரண்டிகளுக்கு வந்திருப்பதாக அது கூறியது. ஆனால், பாதுகாப்பு வரம்பைக் கணக்கிட்டதில் ஒரு பூஜ்யம் விடுபட்டு, நாளொன்றுக்கு 4,20,000 நானோகிராம் என்றிருக்க வேண்டியது 42,000 என்று அச்சாகிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பிழை திருத்தப்பட்டது. அபாயத்தின் அளவு பத்தில் ஒன்றாகக் குறைந்தது. மின்னணுக் கழிவு சமையலறைக்குள் வந்தது எப்படி என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

பழைய பாத்திரத்தின் பழைய ஆபத்து

சிலிக்கோனைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் குடும்பங்கள், அதற்குப் பக்கத்து அடுக்கில் உள்ள மலிவு உலோகப் பாத்திரத்தை ஐயுறுவதில்லை. உண்மையில் உறுதியான ஆதாரம் உள்ள ஆபத்து அங்குதான் இருக்கிறது. அதன் பெயர் காரீயம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இறக்குமதியாகும் சில அலுமினிய, பித்தளை, ஹிண்டாலியம் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் கசியக்கூடும் என்பதால் அவற்றை விற்க வேண்டாம் என்று வணிகர்களை அது கேட்டுக்கொண்டது. எச்சரிக்கையில் குறிப்பிடப்பட்ட பாத்திரம் இந்தியாவில் தயாரானது.

கழிவு உலோகத்தை வகை பிரிக்காமல் உருக்குவதே இத்தகைய கசிவுக்கு வழி திறக்கிறது. எஞ்சின் பாகம், கம்பி, பழைய பாத்திரம் எல்லாம் ஒரே உலையில் சேரும்போது காரீயமும் கலந்துவிடுகிறது. தாராவியின் 13-ஆம் காம்பவுண்ட் பகுதியில் பிளாஸ்டிக் தரம் பிரித்து அரைக்கப்படுகிறது. கழிவு அலுமினியத்தை உருக்கிப் பாளமாக வார்க்கும் பட்டறைகளும் தாராவியில் உண்டு. மாநகரின் குப்பையைக் குறைக்கும் இத் தொழிலைக் குற்றவாளியாக்குவது நியாயமாகாது. பாளம் எந்தப் பொருளாக மாறப்போகிறது என்பதை உருக்குபவர் முடிவு செய்வதில்லை. எது சமையலறைக்குப் போகலாம், எது போகக் கூடாது என்று பிரித்துச் சோதிக்கும் ஏற்பாடு இல்லாததே குறை. அந்தப் பட்டறைகளின் புகையை முதலில் சுவாசிப்பவர்களும், மிக மலிவான பாத்திரத்தை வாங்க நேர்பவர்களும் பெரும்பாலும் ஒரே குடியிருப்பைச் சேர்ந்த ஏழைக் குடும்பங்களே.

மாட்டுங்காவின் ஈயச் சொம்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ரசத்துக்கு மணம் தரும் அச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயத்தின் விலை காரீயத்தைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதால் கலப்படத்துக்கு ஆசை எழுவது இயல்பு. புளியும் தக்காளியும் சேர்ந்த புளிப்புச் சாறு காரீயத்தை எளிதில் கரைத்தெடுக்கும். தமிழில் இரண்டுக்கும் ஈயம் என்ற பொதுப்பெயர் இருப்பதும் குழப்பத்தைக் கூட்டுகிறது. காரீயம் அடர்த்தி மிகுந்தது. வழக்கத்துக்கு மீறிய கனமும் சந்தேகத்துக்கு இடமளிக்கும் மலிவும் ஒருசேர இருந்தால் அந்தச் சொம்பைத் தவிர்க்க வேண்டும்.

உடலில் இவ்வளவு காரீயம் சேர்ந்தால் பாதகமில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின், அதாவது ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருப்பதாக யுனிசெஃப் 2020-இல் அறிவித்தது. இந்தியா 2000-இல் பெட்ரோலிலிருந்து காரீயத்தை நீக்கியது. பெயிண்டில் அதன் அளவை 90 பி.பி.எம். என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் மட்டுப்படுத்தின. அடுத்ததாகக் கவனம் பெற வேண்டியது பாத்திரம்.

தில்லியில் மூன்று துறைகள்

ஐ.எஸ்.ஐ. முத்திரையை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம், நுகர்வோர் விவகாரத் துறையின் கீழ் உள்ளது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் சுகாதார அமைச்சகத்தைச் சேர்ந்தது. பாத்திரங்களுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையை வெளியிட்டதோ வர்த்தக அமைச்சகத்தின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை.

நாடாளுமன்றம் நிறைவேற்றிய 2016-ஆம் ஆண்டு தர நிர்ணய அமைவனச் சட்டம் 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. முத்திரை பெறுவது பொதுவாக உற்பத்தியாளரின் விருப்பம். மக்களின் உடல்நலம் போன்ற காரணங்களுக்காக அதைக் கட்டாயமாக்க மத்திய அரசுக்கு அச் சட்டம் அதிகாரம் அளித்தது. அந்த அதிகாரத்தின்கீழ் 2024 மார்ச் 14-ஆம் தேதி வெளியான ஆணை, துருப்பிடிக்காத எஃகு, அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது. சிலிக்கோன் கரண்டி அதில் இடம்பெறவில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளோ உணவைப் பொதியும் பொருள்கள் பற்றியவை. சமைக்கும் கரண்டி பொதியும் பொருளாகாது.

ஆணை பிறப்பித்தால் மட்டும் போதாது என்பதற்கு பிரஷர் குக்கர் சான்று. அதற்கு முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயமானது. ஆயினும் முத்திரையற்ற குக்கர்களை விற்க இடமளித்ததற்காக, 2022 ஆகஸ்டில் இரு பெரும் இணைய விற்பனை நிறுவனங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. பெருநிறுவனத்தின் விற்பனைப் பதிவேட்டைப் பார்த்து எடுத்த நடவடிக்கை அது. நடைபாதைக் கூடைக்குப் பதிவேடு கிடையாது.

வாங்குபவர் செய்யக்கூடியது

சிலிக்கோன் வாங்கும்போது உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தாங்கும் வெப்பத்தின் அளவு ஆகியவை அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது முதல் படி. பெயரே இல்லாத பொருளில் "உணவுத் தரம்" என்ற சொல் மட்டும் இருப்பதால் பயனில்லை. வாங்கியதைக் கொதிநீரில் சுத்தம் செய்து, பொரிக்கும் எண்ணெயிலும் தாளிப்பிலும் தவிர்த்து, கிழிந்தவுடன் மாற்றிவிட்டால் பெரும்பகுதி கவலை தீரும். அந்த விலைக்கும் வசதியில்லாதவர்களுக்கு, வர்ணம் பூசாத மரக் கரண்டியும் எஃகுக் கரண்டியும் குறைந்த செலவில் கிடைக்கும் நம்பகமான மாற்று.

எஃகு, அலுமினியப் பாத்திரங்களில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் உள்ள உரிம எண்ணை, தர நிர்ணய அமைவனத்தின் "பி.ஐ.எஸ். கேர்" செயலியில் இட்டு மெய்யா, போலியா என்று சரிபார்க்கலாம். புகார்களை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். மும்பை அந்தேரியில் அமைவனத்தின் மண்டல அலுவலகமும், 1966 முதல் அந்நகரில் இயங்கும் இந்திய நுகர்வோர் வழிகாட்டிச் சங்கமும் உள்ளன.

ஆனால், சூட்டடுப்புச் சோதனையும் காரீயச் சோதனையும் குடும்பத் தலைவி வீட்டில் செய்யக்கூடியவை அல்ல. அவை ஆய்வகத்தின் வேலை. செய்விக்க வேண்டியது அரசின் கடமை. எஃகுக்கும் அலுமினியத்துக்கும் வகுத்த தரத்தைச் சிலிக்கோனுக்கும் நைலானுக்கும் விரிவுபடுத்துவதும், கழிவு உலோகத்தைச் சமையல் பாத்திரத்துக்கு அனுப்பும் முன் சோதிக்கும் வசதியைத் தாராவி போன்ற இடங்களுக்கு அருகிலேயே குறைந்த கட்டணத்தில் ஏற்படுத்துவதும் மூன்று துறைகளும் சேர்ந்து செய்ய வேண்டியவை. அதுவரை, விலை குறைந்த கரண்டியின் மீதித் தொகையை, அதை வாங்கும் ஏழைக் குடும்பமே வேறு வகையில் செலுத்த நேரிடும்.