படகுக்கும் உண்டு முன்பாரமும் பின்பாரமும்

திண்டுக்கல்லிலிருந்து எங்கள் வத்தலக்குண்டுக்கு வந்து சேரும் சாலை, ஊரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் காட்ரோடு விலக்கில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மலையேறிக் கொடைக்கானலுக்கும், மற்றொன்று பெரியகுளம், தேனி, கம்பம் என்று சமவெளியிலேயே ஓடிக் கடைசியில் குமுளி மலையேறித் தேக்கடிக்கும் போகின்றன. பிரிந்து போனாலும் இரண்டும் சென்று முடிவது தண்ணீர்க் கரையில்தான். ஒன்று, மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரை 1863 இல் அமைத்த ஏரி. மற்றொன்று, பென்னிகுவிக் கட்டிய அணையினால் 1895 இல் உண்டான பெரியாற்று நீர்த்தேக்கம். விடுமுறை நாட்களில் எங்கள் ஊர் டீக்கடைகளின் வாசலில் வந்து நிற்கும் வேன்களிலிருந்து இறங்கும் குழந்தைகளை விசாரித்தால், பத்தில் எட்டுக் குழந்தைகள் தாங்கள் போவது மலை பார்க்க என்று சொல்வதில்லை. போட்டில் போகப் போகிறோம் என்றுதான் சொல்கின்றன. அந்தக் குழந்தைகளை முன்னிட்டே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

2009 ஆம் ஆண்டு செப்டம்பர் 30 ஆம் தேதி மாலை, கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தமான ‘ஜலகன்யகா’ என்னும் இரட்டைத் தளப் படகு தேக்கடியில் கவிழ்ந்து, 45 பேர் பிராணனை இழந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் இருந்தார்கள். அந்தப் படகு பழுதாகிப்போன பழம் படகன்று. சேவையில் இறங்கிச் சில வாரங்களே ஆன புதிய படகு. கரையில் தென்பட்ட காட்டு விலங்குகளைக் காணும் ஆவலில் பிரயாணிகள் ஒரு பக்கமாகத் திரண்டார்கள், படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது, சாய்ந்தது நிமிரவே இல்லை என்பதுதான் உயிர் பிழைத்தவர்கள் சொன்ன செய்தி. உயிர்காக்கும் மிதவைச் சட்டை பலருடைய உடம்பில் இல்லை. இன்று தேக்கடியில் அச்சட்டை அணியாதவர்களைப் படகில் அமர விடுவதில்லை. ஆனால் அந்த நியமத்துக்கு நாம் கொடுத்த விலை மிகப் பெரியது.

படகுக்குள் ஏறும் பாரத்தைப் பற்றி நம்மவர்கள் ஏன் இத்தனை அசிரத்தையாக இருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்காத விஷயம். ஏனெனில், பாரம் என்பதைப் பற்றி நம் கிராமத்து வண்டிக்காரனுக்கு இருந்த ஞானம் சாமானியமானதன்று. நெல் மூட்டையோ, வைக்கோலோ, வாழைத்தாரோ எதுவானாலும், வண்டியில் ஏற்றி முடித்ததும் அவன் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பான். முன்பாரமானால் மாடுகளின் கழுத்து நசுங்கும். பின்பாரமானால் நுகம் மேலெழுந்து மாடுகளைத் திணற வைக்கும். ஒருச்சாய்ந்தால் வாய்க்கால் மேட்டிலேயே வண்டி குடைசாயும். ஆகவே அவன் இரண்டு மூட்டையை முன்னே தள்ளியும், ஒரு மூட்டையைப் பக்கம் மாற்றியும், சமமாயிற்று என்று கை சொன்ன பிறகே தார்க்குச்சியை எடுப்பான். அவன் பார்த்தது மொத்த எடையை மட்டுமன்று, எடை உட்கார்ந்திருக்கும் இடத்தையும் அவன் பார்த்தான். படகு விஷயத்தில் நமக்கு வேண்டியதும் அந்த ஞானமே.

தரையில் நிற்கும் வண்டிக்குச் சக்கரங்கள் ஆதாரம். தண்ணீரில் நிற்கும் படகுக்கு, அது ஒதுக்கித் தள்ளிய தண்ணீரே ஆதாரம். படகு சிறிது சாயும்போது, சாய்ந்த பக்கத்தின் அடிப்பாகம் அதிகமாக நீரில் அமிழ்ந்து, நீர் அதை மேலே தள்ளி மறுபடியும் நிமிர்த்துகிறது. ஆனால் பாரம் உயர உயர, அதாவது கீழ்த்தளத்தில் அமர்ந்திருக்க வேண்டியவர்கள் மேல்தளத்துக்கு ஏறி நிற்க நிற்க, அந்த நிமிர்த்தும் சக்தி குன்றிக்கொண்டே வந்து, ஓர் எல்லைக்கு மேல் சாய்வே சாய்வை வளர்க்கும் நிலைமை உண்டாகிவிடும். ஆளொன்றுக்கு 60 கிலோ என்று வைத்தால் 20 பேர் எழுந்து ஒரு பக்கம் போவது, 1,200 கிலோ பாரத்தை ஒரே கணத்தில் இடம் மாற்றுவதற்குச் சமானம். உள்ளே புகும் தண்ணீரோ இதைவிடக் கொடியது. 6 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட தட்டையான அடித்தளத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால் அதுவும் 1,200 கிலோதான்; ஆனால் மனிதனைப் போல் அது இருந்த இடத்தில் இராது, படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிச் சேர்ந்து, விழுகிறவனைப் பிடித்துத் தள்ளும் கையைப் போல் ஆகிவிடும்.

இந்தப் பார சாஸ்திரத்தை வேண்டுமென்றே கையாளும் ஒரு விளையாட்டு மேல்நாட்டு ஏரிகளில் உண்டு. ‘வேக் சர்ஃபிங்’ என்று அதற்குப் பெயர். ஒரு பெரிய இழுவைப் படகு மணிக்கு ஏறக்குறைய 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் போக, அதன் பின்னே எழும் அலையின் மேல் ஒருவர் பலகையில் நின்று, முதலில் கயிற்றைப் பிடித்து எழுந்து, பிறகு கயிற்றையும் விட்டுவிட்டு, அந்த அலை ஒன்றையே துணையாகக் கொண்டு சறுக்கி வருவார். அலை உயரமாக எழ வேண்டுமானால் படகு ஆழமாக அமிழ வேண்டும். அதற்காகத் தொட்டிகளிலும் பைகளிலும் தண்ணீரை நிரப்பி, பின்புறத்திலும், சறுக்குகிறவர் வரும் பக்கத்திலும் பாரத்தை அதிகப்படுத்துகிறார்கள். பெரிய படகுகளில் இந்தப் பாரம் மட்டுமே 1,000 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். அலை நீண்டு வர முன்புறத்திலும் சிறிது பாரம் வைப்பார்கள். அது மிகுந்துவிட்டால், வேகத்தைக் குறைக்கும் சமயத்தில் படகின் சொந்த அலையே முகப்பின்மேல் ஏறி உள்ளே பாயும்.

இத்தனை துணிகரமான காரியத்தை அவர்கள் எப்படி அபாயமின்றி நடத்துகிறார்கள் என்று பார்த்தால், எல்லாம் கணக்கிலேதான் இருக்கிறது. படகு தாங்கக்கூடிய ஆட்களின் தொகையும் மொத்த எடையும் பொறித்த தகடு ஒன்று படகில் இருக்கும். விவேகமுள்ள சொந்தக்காரர், தாம் கூடுதலாக வைக்கும் நீர்ப்பையையும் ஆளாகவே கருதி, 750 லிட்டர் பை வைத்தால், ஆளுக்கு 75 கிலோ வீதம், பத்துப் பேர் ஏறிவிட்டதாக எண்ணிக்கொள்வார். தண்ணீரை வெளியேற்றும் பம்பு வேலை செய்கிறதா என்று பார்க்காமல் கரையை விட்டு நகர மாட்டார். படகைத் தேர்ந்தெடுக்கும்போதே, படகைத் தள்ளும் விசிறி அடிவயிற்றுக்குக் கீழே ஒளிந்திருக்கும்படி அமைந்ததைத்தான் தேர்ந்தெடுப்பார். பின்னால் விசிறி நீட்டிக்கொண்டிருக்கும் சாதாரண மோட்டார்ப் படகின் பின்னே இப்படி நெருங்கிச் சறுக்குவது பிராண அபாயம். இயந்திரம் ஓடும்போது பின்தட்டில் யாரையும் உட்காரவோ தொங்கவோ விடமாட்டார். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு நிறமும் மணமும் இல்லாதது, மயக்கம் வந்த பிறகே தன் வருகையை அறிவிப்பது. எங்கள் பக்கத்து மருதாநதியிலும் மஞ்சளாற்றிலும் இந்த விளையாட்டு இல்லை. நாளை எந்த நீர்த்தேக்கத்தில் வந்தாலும், படகோடு கூட இந்தக் கணக்கும் வந்தாக வேண்டும்.

நம்மிடம் கணக்கின்றி நடந்தவற்றின் பட்டியல் நீளமானது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டு ஏரியில், உல்லாசப் பயணத்துக்கு அமர்த்திய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில், மீன்பிடிப் படகாயிருந்து சுற்றுலாப் படகாக மாற்றப்பட்ட ஒன்று அளவு மீறி ஆளேற்றிச் சென்று கவிழ, அங்கும் 22 பேர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதராவில், பள்ளிச் சுற்றுலாவுக்கு வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் ஒரு நகரத்து ஏரியிலேயே முழுகிப் போனார்கள். இவற்றை விதி என்று சொல்லி ஒதுக்குகிறவர்களோடு நான் ஒருநாளும் உடன்பட மாட்டேன்.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. ஆறு, ஏரி, நீர்த்தேக்கம் முதலிய உள்நாட்டு நீர்நிலைகளில் இயந்திரத்தால் ஓடும் படகுகளுக்கு, 1917 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2021 ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பதிவையும், தகுதி ஆய்வுச் சான்றிதழையும், ஓட்டுநருக்குத் தேர்ச்சிச் சான்றையும், காப்பீட்டையும் விதித்திருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017 இல் படகுப் பாதுகாப்பு நெறிமுறைகளைத் தனியே வெளியிட்டிருக்கிறது. ஆகவே, சீட்டு வாங்கும் இடத்தில் நின்று, இந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம், சான்றிதழ் எங்கே என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனமன்று. காசு கொடுத்த பிரயாணியின் உரிமை. தன் உடம்புக்குப் பொருந்துகிற, கொக்கி அறுந்துபோகாத மிதவைச் சட்டையைக் கேட்பதும், குழந்தைக்குக் குழந்தை அளவிலேயே கேட்பதும், ஏறிய பிறகு கூட்டம் அளவு மீறுகிறது என்று கண்டால் இறங்கிவிட்டுக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்பதும் உரிமைகளே.

இங்கே பலர் அறியாத ஒரு நுட்பம் உண்டு. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 284 ஆம் பிரிவின்படி, உயிருக்கு ஆபத்து நேரும் அளவுக்குப் பழுதான அல்லது பாரமேற்றிய படகில், தெரிந்தோ கவனக்குறைவாலோ, கூலிக்கு ஆளை ஏற்றிச் செல்வதே குற்றம். படகு கவிழ வேண்டும் என்பதில்லை. ஒருவர் மாள வேண்டும் என்பதுமில்லை. தண்டனை ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்பது என் அபிப்பிராயத்தில் மிகவும் சொற்பம். ஆனாலும் கரையிலிருந்தபடியே 112 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்து போலீஸை அழைக்க அது இடம் கொடுக்கிறது. கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் 106 ஆம் பிரிவின்கீழ் ஐந்து ஆண்டுச் சிறை வரை விதிக்கலாம். விபத்து அயல் மாநிலத்தில் நடந்ததாயினும் எங்கள் ஊர்க் காவல் நிலையத்திலேயே முதல் தகவலைக் கொடுக்கலாம். எல்லையைக் காட்டி அதை மறுக்க இப்போது சட்டத்தில் இடமில்லை. தகவல் கொடுத்தவருக்கு அதன் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

நஷ்ட ஈட்டுக்கு வழி வேறு. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கட்டணம் வாங்கிக்கொண்டு படகு விட்டவர் தனியாரானாலும் அரசுக் கழகமானாலும் சேவைக் குறைபாட்டுக்குப் பொறுப்பாளியே. மாண்டுபோனவரின் வாரிசுகளும் புகார் செய்யலாம். புகார்தாரர் குடியிருக்கும் ஜில்லாவிலேயே வழக்குத் தொடரலாம் என்பதனால், விபத்து தேக்கடியில் நடந்தாலும் எங்கள் ஊரார் திண்டுக்கல் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனால் போதும். எந்த ஆணையம் என்பது, கேட்கும் ஈட்டுத் தொகையைக் கொண்டு அல்லாமல், கொடுத்த கட்டணத்தைக் கொண்டே தீர்மானிக்கப்படுவது; சில நூறு ரூபாய்ப் படகுச் சீட்டுக்கு நீதிமன்றக் கட்டணமே கிடையாது. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். வழக்கறிஞர் வேண்டுமென்றால், பெருவிபத்தில் சிக்கியவர்களுக்கு 1987 ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டமே இலவச உதவிக்கு உரிமை தந்திருக்கிறது. 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம். நுகர்வோர் ஆலோசனைக்கு 1915. எல்லாவற்றுக்கும் ஆதாரமாக நிற்பது, நாம் படகிலிருந்து இறங்கியதும் கசக்கி எறியும் அந்தச் சின்னச் சீட்டுத்தான். அதை வைத்திருங்கள், ஏறுமுன் படகையும் அதன் பெயர்ப் பலகையையும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். கரையிலேயே பிள்ளைகளை எண்ணிக்கொள்ளுங்கள், படகுக்காரரின் எண்ணிக்கையை நம்பாதீர்கள். ஒரே படகில் எல்லோரையும் ஏற்றிச் சிக்கனம் செய்யாதீர்கள். யானை தெரிந்தாலும் காட்டெருமை தெரிந்தாலும் எழுந்திருக்கக் கூடாது என்று தரையில் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். அடுத்த வேன் எங்கள் ஊர் டீக்கடையில் நிற்கும்போது இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும்.