புதுக் கம்ப்யூட்டரில் மறைந்த தமிழ்!
தங்கவயல் தந்தையின் கதையை மீட்ட வைட்ஃபீல்ட் குமாஸ்தா

தங்கச் சுரங்கத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்த தந்தை சொல்லச் சொல்ல, மகன் டைப் அடித்து வைத்த 46 பக்கங்கள். புதிய கம்ப்யூட்டரில் அதைத் திறந்தபோது ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை!

பெங்களூர் வைட்ஃபீல்டை அடுத்த காடுகோடியில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குமாஸ்தாவின் வீட்டில் நடந்தது இது. பழைய விண்டோஸ் லேப்டாப்பை விட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக மேக் கம்ப்யூட்டருக்கு மாறியவர் அவர். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆனால் பட்ட பாட்டை ஒளிக்காமல் சொன்னார். "நாலு பேர் தெரிந்துகொண்டால் நல்லதுதானே" என்றார்.

தங்கவயலில் இருந்து வைட்ஃபீல்டுக்கு

கோலார் தங்கவயலைத் தெரியாத தமிழர் கர்நாடகத்தில் இருக்க முடியாது. வட ஆற்காடு, சேலம் பக்கத்தில் இருந்து கூலிகளாகப் போன தமிழர்கள் பூமிக்கு அடியில் 3 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கித் தங்கம் எடுத்த ஊர் அது. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு தங்கவயல் வாலிபர்களுக்குப் பெங்களூர் ரெயில்தான் கதி. இன்றும் மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரெயில் ஏறி, வைட்ஃபீல்டிலும் கிருஷ்ணராஜபுரத்திலும் இறங்கி, வேலைக்கு ஓடுகிறவர்கள் ஏராளம்.

இந்தக் குமாஸ்தாவும் அப்படி வந்தவர்தான். சில ஆண்டுகள் ரெயிலில் போய் வந்தார். பிறகு காடுகோடியில் வீடு பிடித்தார். பகலில் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் வேலை. இரவில் 3 கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார். மகள் படித்து ஆளானது அந்த இரவுக் கணக்கு வருமானத்தில்தான்.

வைட்ஃபீல்டும் பழைய வைட்ஃபீல்டாக இல்லை. 1882-ல் மைசூர் மகாராஜா கொடுத்த நிலத்தில், ஆங்கிலோ இந்தியர்களுக்காக டி.எஸ்.ஒயிட் என்பவரின் முயற்சியில் உருவான சிற்றூர் இது. விவசாயம் செய்து பிழைக்கத்தான் அன்று இடம் கொடுத்தார்கள். இன்றோ கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசை கட்டி நிற்கின்றன. 2023 மார்ச் 25-ந் தேதி மெட்ரோ ரெயிலும் வந்துவிட்டது. அந்தக் கம்பெனிகளில் ஒன்றில்தான் குமாஸ்தாவின் மகள் வேலை பார்க்கிறார்.

ஏன் மாற வேண்டி வந்தது?

குமாஸ்தாவிடம் இருந்தது 2015-ல் வாங்கிய லேப்டாப். அதில் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது. 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. பதிவு செய்துகொள்கிற வீட்டு உபயோகக்காரர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக அறிவித்தது.

விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், பழைய எந்திரம் அதற்கு ஒத்துவரவில்லை. 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும்; குறிப்பிட்ட பட்டியலில் உள்ள புதிய பிராசஸரும் வேண்டும். அவருடைய எந்திரத்தில் இரண்டும் கிடையாது.

"லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது. ஓடுகிற மாட்டை ஏன் அடிமாட்டுக்கு அனுப்ப வேண்டும்?" என்று கேட்டார் தந்தை.

"அப்பா, அதில்தானே பாங்கிக் கணக்கும் பார்க்கிறீர்கள். ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் இல்லை" என்றார் மகள்.

தீபாவளிக்கு மறுவாரம் மகள் தவணையில் ஒரு மேக்புக் ஏர் வாங்கி வந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். குங்குமப் பொட்டும் வைத்தாகிவிட்டது. பிறகுதான் தொல்லை ஆரம்பம்!

சுண்டு விரலும் கட்டை விரலும்

முதல் வாரம் முழுவதும் விரல்களோடு சண்டை. விண்டோசில் ஒரு வரியைப் பிரதி எடுக்கச் சுண்டு விரலால் 'கன்ட்ரோல்' விசையை அழுத்திப் பழகியவர் அவர். மேக்கில் அந்த வேலையைச் செய்வது 'கமாண்ட்' விசை. ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கட்டை விரலால் அழுத்த வேண்டும்.

சிவப்புப் பொட்டை அமுக்கினால் ஜன்னல் மூடிக்கொள்கிறது. ஆனால் பல புரோகிராம்கள் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கின்றன. முழுவதும் நிறுத்த 'கமாண்ட்' விசையுடன் 'க்யூ' எழுத்தை அழுத்த வேண்டும். பைலின் மீது நின்று 'என்டர்' தட்டினால் பைல் திறப்பதில்லை. பெயரை மாற்றவா என்று கேட்கிறது. மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பக்கம் எதிர்த்திசையில் ஓடுகிறது. இதை மட்டும் செட்டிங்கில் போய் மாற்றிக்கொண்டார். மற்றதற்கு விரலைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

"வாடகை வீடு மாறினால் முதல் வாரம் இருட்டில் சுவிட்சைத் தேடுவோமே, அதுபோலத்தான். பத்து நாளில் கை தானாகப் போகிறது" என்கிறார் அவர்.

வயிற்றுப்பாட்டுக்கு வந்த ஆபத்து

விரல் பழகியது. ஆனால் கணக்கு?

மூன்று கடைக் கணக்கும் இருப்பது டாலியில். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த புரோகிராம் அது. ஆனால் விண்டோசுக்காக எழுதப்பட்டது. மேக்கில் நேராகப் போட முடியாது.

முன்பு மேக்கிலேயே விண்டோசையும் போட்டுக்கொள்ளும் வசதி இருந்தது. 2006 முதல் மேக் கம்ப்யூட்டர்களில் இன்டெல் சில்லு இருந்ததால் அது நடந்தது. 2020 நவம்பரில் ஆப்பிள் கம்பெனி தன் சொந்தச் சில்லுக்கு மாறத் தொடங்கியது. புதிய சில்லு உள்ள மேக்கில் அந்தப் பழைய வசதி இல்லை. வேறு வழிகள் உண்டு. சிலவற்றுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

இரண்டு இரவு குமாஸ்தாவுக்குத் தூக்கம் இல்லை. மகள் ஆசையாக வாங்கி வந்ததைத் திருப்பிக் கொடு என்று சொல்ல வாய் வரவில்லை. கடைக் கணக்கை விட்டுவிடவும் முடியாது.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டார். பழைய லேப்டாப்பை விற்கவில்லை. அதன் இன்டர்நெட் இணைப்பை மட்டும் அடியோடு துண்டித்துவிட்டார். டாலி அதிலேயே ஓடுகிறது. மாதம் பிறந்ததும் ஜி.எஸ்.டி. விவரத்தைப் பைலாக எடுத்து, பென் டிரைவில் மேக்குக்குக் கொண்டுவருகிறார். அரசாங்க இணையதளத்தில் ஏற்றுவது மேக்கில் இருந்து. வெளியுலகத் தொடர்பு எல்லாம் புதிய எந்திரத்தில். கணக்குப் புத்தகம் பழைய எந்திரத்தில்!

இதிலும் ஒரு பாடம் கிடைத்தது. அவருடைய பழைய ஹார்டு டிஸ்க் விண்டோஸ் முறையில் தயாரானது. மேக்கில் அதைப் படிக்க முடிந்தது. புதிதாக எதையும் எழுத முடியவில்லை. இரண்டிலும் எழுத, படிக்க 'எக்ஸ்-பேட்' என்ற முறையில் பென் டிரைவைத் தயார் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் அதில் ஏற்கெனவே உள்ளது அழிந்துவிடும் என்பதால், முதலில் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். புதிய மேக்கின் துளை சிறியது என்பதால் பென் டிரைவைச் செருக ஒரு அடாப்டரும் வாங்க வேண்டியதாயிற்று.

வேஷம் கலைந்த எழுத்துகள்

எல்லாம் முடிந்தது என்று இருந்த வேளையில்தான் அந்த 46 பக்கங்களைத் திறந்தார்.

2009-ல் எழுதியது. ஓய்வு பெற்றிருந்த தந்தை, மார்ச்சளியோடு கட்டிலில் சாய்ந்தபடி சொன்னார். கூண்டில் இறங்கிய முதல் நாள், பாறை வெடித்துச் சரிந்த இரவு, உடன் இறங்கித் திரும்பி வராதவர்களின் பெயர்கள், சம்பள நாளில் ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதி... எல்லாம் அதில் இருந்தன. 2012-ல் தந்தை காலமானார். அந்தக் குரல் மிஞ்சியிருந்தது இந்தப் பைலில் மட்டும்தான்.

மேக்கில் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டிக் கிடந்தது.

"அப்பாவை இரண்டாம் முறை பறிகொடுத்தது போல இருந்தது" என்று சொல்லி நிறுத்தினார் குமாஸ்தா.

காரணம் இதுதான். அந்தக் காலத்தில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் பலர் தமிழ் அடித்தார்கள். அவற்றில் கம்ப்யூட்டருக்குள் சேமிக்கப்படுவது தமிழ் எழுத்து அல்ல. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்கள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் கட்டிக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத எந்திரத்துக்குப் போனால், கிரீடத்தைக் கழற்றிய கூத்து நடிகன் போல வேஷம் கலைந்துவிடும். மேக் என்பதால் வந்த வினை அல்ல இது. வேறொரு விண்டோஸ் எந்திரத்துக்குப் போயிருந்தாலும் இதே கதைதான்.

யூனிகோடு முறை அப்படி அல்ல. அதில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு. விண்டோஸ், மேக், செல்போன் எதில் திறந்தாலும் 'அ' என்பது 'அ'தான். 2010-ல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது.

மீண்டது எப்படி?

மகள் பதறவில்லை. "பைல் போகவில்லை அப்பா, உடைதான் போயிருக்கிறது" என்றார். பழைய லேப்டாப்பில் இருந்து அந்த எழுத்துருவை எடுத்து மேக்கில் நிறுவினார். 'பான்ட் புக்' என்ற இடத்தில் அது சேர்ந்ததும், 46 பக்கமும் தமிழாகத் திரும்பி வந்தன!

அதோடு விடவில்லை. பைலுக்கு ஒரு பிரதி எடுத்து, எழுத்துருவை மாற்றித் தரும் புரோகிராமில் கொடுத்து யூனிகோடுக்கு மாற்றினார்கள். அங்கேயும் ஒரு சிக்கல். தந்தை சொன்ன சுரங்க வாய்களின் பெயர்களை, எந்திரங்களின் பெயர்களை மகன் அன்று ஆங்கிலத்திலேயே அடித்திருந்தார். மாற்றும் புரோகிராம் அவற்றையும் தமிழ் என்று நினைத்து, பொருள் இல்லாத எழுத்துகளாக்கிவிட்டது.

பழைய லேப்டாப்பை இடது பக்கமும் மேக்கை வலது பக்கமும் வைத்துக்கொண்டு, 9 இரவுகள் உட்கார்ந்து வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்தினார் குமாஸ்தா. திருத்தும்போது தந்தை சொன்னதை 16 ஆண்டுகளுக்குப் பிறகு முழுவதுமாகப் படித்தார். "அடிக்கும்போது விரல்தான் கேட்டது; இப்போதுதான் காது கேட்டது" என்றார்.

மேக்கில் தமிழ் அடிப்பது எப்படி என்ற கவலையும் தீர்ந்தது. 'அஞ்சல்', 'தமிழ் 99' ஆகிய இரண்டு முறைகளும் எந்திரத்திலேயே இருக்கின்றன. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அதில் உள்ள தமிழ் எழுத்துருக்கள் சிலவற்றின் பெயரில் 'எம்.என்.' என்ற இரண்டு எழுத்து வரும். மலேசியத் தமிழரான முத்து நெடுமாறனின் பெயர்ச் சுருக்கம் அது.

ஆங்கில டைப்ரைட்டிங் தெரிந்தவர்களுக்கு ஒலியை வைத்து அடிக்கும் அஞ்சல் முறை சுலபம். புதிதாகக் கற்பவர்கள் 1999-ல் சென்னை மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ் 99 முறையைக் கற்கலாம். உயிர் எழுத்துகள் இடது கைக்கும், மெய் எழுத்துகள் பெரும்பாலும் வலது கைக்கும் வரும். 'க' விசையை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்து 'க்க' என்று வந்துவிடும்.

மாறுகிறவர்கள் கவனிக்க!

கம்ப்யூட்டர் மாற்ற எண்ணுகிறவர்களுக்கு அனுபவப்பட்ட இந்தக் குமாஸ்தா சொல்லும் யோசனைகள் வருமாறு:–

1. பணம் கட்டுவதற்கு முன், பிழைப்புக்குப் பயன்படும் புரோகிராம்களைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் மேக்கில் ஓடுமா என்று கடையில் கேளுங்கள். டாலி, டிஜிட்டல் கையெழுத்துக் கருவி, அலுவலகப் பிரிண்டர் ஆகியவற்றை மறக்காதீர்கள்.

2. பழைய எந்திரத்தை உடனே விற்காதீர்கள். 3 மாதமாவது வீட்டில் இருக்கட்டும்.

3. பழைய தமிழ்ப் பைல்களோடு அவற்றின் எழுத்துருவையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். எழுத்துரு இல்லாத பைல், சாவி இல்லாத பெட்டி.

4. யூனிகோடுக்கு மாற்றும்போது மூலப் பைலில் கை வைக்காதீர்கள். பிரதியில் மட்டுமே மாற்றுங்கள்.

5. மேக்கில் 'டைம் மெஷின்' என்ற வசதி உண்டு. தனி ஹார்டு டிஸ்க் ஒன்றை மாட்டினால், தானாகவே பிரதி எடுத்து வைக்கும்.

6. விண்டோஸ் எந்திரமே போதும் என்றால் அதிலும் குறை இல்லை. அக்கம்பக்கத்தார் வாங்கினார்கள் என்பதற்காகக் கடன்பட்டு மேக் வாங்க வேண்டாம்.

ரெயிலில் படிக்கிறார்கள்

யூனிகோடில் மீண்ட 46 பக்கங்களையும் குமாஸ்தா 10 பிரதிகள் எடுத்து, நூல் கோத்துத் தைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரிக்குப்பம் ரெயில் ஏறி, தந்தையோடு வேலை பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவர்களைத் தேடிப் போய்க் கொடுத்தார்.

கண் பார்வை மங்கிய ஒரு பெரியவர் பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். திரும்பி வராதவர்களின் பெயர் வரிசை வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒரு பேர் விட்டுப்போச்சுப்பா" என்று சொல்லி, அந்தப் பெயரையும் சொன்னார்.

அன்று இரவே காடுகோடி வீட்டில் மேக் திறக்கப்பட்டது. விட்டுப்போன பெயரும் ஏறிவிட்டது. தமிழில்!